ஏழாம் தளத்துக் கதவு

"இந்த வெளையாட்டச் சாகாம முடிக்க முடியுங்களா?"

வாசலில் நின்றபடியே சாந்தாமணி கேட்டாள். உள்ளே வரவில்லை, செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"முடியும். நான் ஒரு தடவை முடிச்சிருக்கேன்" என்றாள் கதவைத் திறந்தவள்.

"எத்தன தடவ ஆடி?"

"ஆயிரத்து நாப்பது தடவ செத்து."

சாந்தாமணி செருப்பைக் கழற்றினாள்.

அவள் தேடி வந்தது ஆசானை. பாதாளம் என்ற அந்த விளையாட்டை ஆடுகிறவர்கள் எல்லோரும் கணினி வழியே சந்தேகம் கேட்பது ஆசானிடம்தான். தாடி வைத்த, ஐம்பது வயதுக்காரர் ஒருவரை மனதில் வரைந்துகொண்டே பொள்ளாச்சியிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவும் பேருந்தில் ஏறி வந்திருந்தாள்.

"ஆசான் இருக்காருங்களா?"

"நான்தாம்மா. பேரு பவுலின்."

இருபத்தாறு வயது இருக்கும். வால்பாறையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பகுதியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. எஸ்டேட் குடியிருப்பில் இரண்டே அறை. ஒன்றில் கட்டில், இன்னொன்றில் அடுப்பு. கட்டில்மேல், விசைப்பலகையில் இரண்டு விசை உடைந்த மடிக்கணினி.

சாந்தாமணிக்கு வயது நாற்பத்தேழு. மகள் வயதுப் பெண்ணிடம் எப்படிக் கேட்பது என்று ஒரு நிமிடம் தயங்கினாள். பிறகு பையைத் திறந்தாள். துண்டில் சுற்றியிருந்த மடிக்கணினியை எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.

"இது பிரணவோடது."

"தெரியும்."

பிரணவ் சாந்தாமணியின் ஒரே மகன். இருபத்தோரு வயது. போன ஐப்பசியில் டெங்குக் காய்ச்சலில் இறந்துபோனான். காய்ச்சல் தொடங்கி ஐந்தாம் நாள்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து அவள் இந்தக் கணினியைத் திறந்தாள். கைப்பேசியின் பூட்டு அவளுக்குத் திறக்கவில்லை. இது திறந்தது. திரையில் ஆசான் அனுப்பிய ஒரு வரி காத்திருந்தது. 'இன்னும் கதவுகிட்டயேதான் நிக்கிறியா?'

சாந்தாமணி ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள். 'அவன் இறந்துவிட்டான். நான் அவனுடைய அம்மா.'

பதில் வர மூன்று நாள் ஆனது. வந்தது முகவரி மட்டும்தான்.

பவுலின் கணினியைத் திறந்து விளையாட்டை எடுத்தாள். முகப்பில் ஒரு சின்னப் படம். கையில் விளக்கோடு ஒருவன், அவனுக்கு எதிரே சாத்திய கதவு, மூலையில் அவன் உயிரைக் காட்டும் ஒரே கீற்று. ஏழாம் தளம் என்று கீழே எழுதியிருந்தது.

பவுலின் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் வைத்த தண்ணீர் கொதித்து வழிந்தது. எழுந்துபோய் அணைத்துவிட்டு வந்து கணினியை மூடினாள்.

"இத நான் முடிக்கணும்" என்றாள் சாந்தாமணி.

"எதுக்கு?"

"அவன் முடிக்கல."

பவுலின் தேநீர் போட்டுக் கொடுத்தாள். குடித்து முடித்த பிறகு விளையாட்டின் விதியைச் சொன்னாள்.

விளக்கோடு ஒருவன் பூமிக்கடியில் இறங்குகிறான். மொத்தம் ஒன்பது தளங்கள். வழியெல்லாம் அவனைக் கொல்லக் காத்திருக்கிறார்கள். செத்தால் சேர்த்த ஆயுதம், மருந்து, தாண்டிய தளம் எல்லாம் போகும். மறுபடி முதல் தளம். அந்த முதல் தளமும் போன தடவை பார்த்த முதல் தளமாக இருக்காது. வழி, கதவு, ஆள் எல்லாம் புதிதாக அமையும். நடுவில் எழுந்து போனால் அந்த ஆட்டம் நின்ற இடத்தில் காத்திருக்கும். ஆனால் திரும்பத் திறந்துவிட்டால் அதன்பிறகு காத்திருக்காது. முடிக்க வேண்டும், இல்லையென்றால் சாக வேண்டும்.

"அப்ப இதத் திறந்து நான் தோத்துட்டா?"

"அழிஞ்சிடும்."

சாந்தாமணி துண்டை எடுத்துக் கணினியை மறுபடி சுற்றினாள்.

"என்ன பண்ணட்டுங்க?"

"இதத் தொடாதீங்க. உங்க பேர்ல தனியா ஒரு ஆட்டம் தொடங்குங்க. நூறு தடவ செத்துட்டு வாங்க."

"நூறுங்களா?"

"என்னை நீன்னே சொல்லுங்கம்மா."

*

சாந்தாமணி ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள். இருபத்திரண்டு வருடமாக ஊசி பிடித்த கை. நடுங்காது.

விளையாட்டில் நடுங்கியது.

மறுநாள் லேபுக்குக் கிளம்பும் முன் மூன்று தடவை செத்தாள். மதியம் சாப்பிட வந்து இரண்டு தடவை. சாயங்காலம் பிரணவின் மேசையில், பிரணவின் நாற்காலியில் உட்கார்ந்து, விளக்கு வைக்கும் நேரம்வரை செத்தாள். வீட்டுக்காரர் அந்த அறைக்குள் வருவதில்லை.

முதல் நாட்களில் ஒரு நிமிடம் தாங்கவில்லை. எந்த விரல் எங்கே என்று தெரிவதற்குள் முடிந்துபோகும்.

இடையிடையே மற்றவர்கள் அந்த விளையாட்டைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தாள். ஆயிரக்கணக்கில் எழுதியிருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் திட்டியிருந்தார்கள். 'இது விளையாட்டு இல்லை, தண்டனை.' 'எல்லாம் அதிர்ஷ்டம். நல்ல வாள் கிடைத்தால் பிழைப்பாய், கிடைக்காவிட்டால் சாவாய்.' 'மற்ற விளையாட்டில் செத்தாலும் ஏதாவது மிச்சம் தருவார்கள், இதில் ஒன்றுமில்லை.' அதற்குக் கீழே ஒருவன், 'மிச்சம் வேண்டுமென்றால் வேறு எங்காவது போ. இங்கே கை மட்டும்தான் மிச்சம்' என்று சண்டைக்கு வந்திருந்தான். இன்னொருவன் எழுதியிருந்தான்: 'ஆயிரத்து இருநூறு மணி நேரம் ஆடிவிட்டேன். யாரும் வாங்காதீர்கள்.'

பிரணவும் எழுதியிருந்தான்.

அதை அவள் ஒருமுறைதான் படித்தாள். மறுபடி படிக்கத் தேவைப்படவில்லை.

*

மாசி மாதம் மலையேறினாள்.

"நூத்தி ஏழு" என்றாள், உட்காரும் முன்பே.

"எது வரைக்கும் போனீங்க?"

"மூணாந் தளம்."

"நல்லா வந்திருக்கு."

"என்ன நல்லா வந்திருக்கு, கண்ணு? இன்னைக்குப் படிச்ச வழி நாளைக்கு இல்ல. கதவு இருந்த எடத்துல செவுரு இருக்குது. செவுரு இருந்த எடத்துல ஆளு நிக்கறான். நூறு தடவ படிச்சு என்ன பிரயோசனம்? அத்தனையும் வீணு."

பவுலின் சட்டைக் கையை மேலே தள்ளினாள். முழங்கையை நீட்டினாள்.

"ரத்தம் எடுக்கணும்னா எங்க குத்துவீங்க?"

சாந்தாமணி யோசிக்காமல் இரண்டு விரலை வைத்தாள். தோல் கறுப்பு, நரம்பு வெளியே தெரியவில்லை. ஒரு முறை அழுத்தினாள், அரை விரல் நகர்த்தினாள், நிறுத்தினாள்.

"இங்க."

"இதுக்கு முன்னாடி என் கையப் பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

பவுலின் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

சாந்தாமணி தன் விரல்களைப் பார்த்தாள். பிறகு, வேறு யாருக்கோ சொல்வதுபோல் சொன்னாள்.

"பிரணவ் எழுதினத நீ படிச்சிருக்கியா?"

"படிச்சிருக்கேன்."

"'நியாயமே இல்லாத விளையாட்டு. ஆனா ஏமாத்தாது. அடிக்கறதுக்கு முன்னாடி கைய ஓங்கிக் காட்டிரும். பாக்காதது நம்ம தப்பு.'"

ஒரு எழுத்து மாறாமல் சொன்னாள்.

"ஆமா."

"பாக்காதது நம்ம தப்பு" என்றாள் சாந்தாமணி மறுபடியும்.

பவுலின் தன் கைப்பேசியை எடுத்தாள், மறுபடி கீழே வைத்தாள். வெளியே பேருந்து வரும் சத்தம் கேட்டது. மலையிறங்க அதை விட்டால் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

"இன்னும் எத்தன தடவ சாகணும்?" என்று படியில் நின்று கேட்டாள் சாந்தாமணி.

"எண்ணாம சாகுங்க."

*

மூன்றாவது முறை வந்தபோது சித்திரை பிறந்திருந்தது. சாந்தாமணி இளைத்திருந்தாள். சேலையின் முந்தானை ஊக்கு கழன்று தொங்குவதுகூடத் தெரியாமல் பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து வந்திருந்தாள்.

"நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன் கண்ணு."

"சொல்லுங்கம்மா."

"நிறுத்தி வெச்ச ஆட்டத்த நகல் எடுக்கலாம்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு. நகல் எடுத்து வெச்சுக்கிட்டா அழியாதாம். செத்தா மறுபடி அதே எடத்துல இருந்து திறந்துக்கலாமாம்."

"எடுத்தீங்களா?"

"எடுத்தேன்."

நகல் எடுப்பதைப் பாதாளம் ஆடுகிறவர்கள் திருட்டு என்பார்கள். அதைப்போல் கேவலமான வேலை அவர்களுக்கு வேறில்லை. பவுலின் முகத்தில் ஏளனம் எதுவும் இல்லை.

"எத்தன தடவ திறந்தீங்க?"

"முப்பத்தொண்ணு."

"ஒரு தடவயாவது பொழைச்சானா?"

இல்லை என்று சாந்தாமணி தலையை மட்டும் ஆட்டினாள். அப்புறம் அழ ஆரம்பித்தாள். அவள் அழுது பவுலின் பார்த்ததில்லை.

"முப்பத்தியோரு தடவ என் கையாலயே கொன்னேன். வலப்பக்கம் போயிப் பாத்தேன், இடப்பக்கம் போயிப் பாத்தேன். நின்னு பாத்தேன், ஓடிப் பாத்தேன். ஒவ்வொரு தடவயும் அவன் அப்பிடியே மடிஞ்சு விழறான். நகல் எல்லாத்தையும் நேத்து அழிச்சுட்டேன். இப்ப மூலம் ஒண்ணுதான் இருக்குது."

பவுலின் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். சாந்தாமணி வாங்கிக் கீழே வைத்தாள்.

"மொத நாளு காச்சல்னு வந்து படுத்தான். சாதாரணக் காச்சலுன்னு மாத்திரை குடுத்தேன். ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் ரத்தம் எடுக்கறேன். என்ற பையனுக்கு எடுக்கல."

பவுலின் தண்ணீரை மறுபடி அவள் பக்கம் நகர்த்தினாள்.

"மூணாம் நாளு காச்சல் விட்டுருச்சு. நல்லாயிட்டான்னு கஞ்சி வெச்சுக் குடுத்தேன். டெங்குல காச்சல் விடறப்பதான் கண்ணு பயப்படணும். அப்பதான் உள்ளுக்குள்ள எல்லாம் எறங்கும். இது எனக்குத் தெரியாதா? லேபுக்கு வர்றவங்களுக்கெல்லாம் நான்தான் சொல்லுவேன். 'காச்சல் விட்டுருச்சுன்னு அசந்துறாதீங்க'ன்னு எத்தன பேருக்குச் சொல்லியிருப்பேன். அன்னைக்கு எனக்கு அது ஞாபகத்துக்கே வரல. நாலாம் நாளு காலைல கையெல்லாம் சில்லுன்னு இருந்துச்சு. அப்பத்தான் எடுத்தேன். பிளேட்லெட்ட நானேதான் எண்ணினேன். ரெண்டு லட்சம் இருக்க வேண்டிய எடத்துல பதினெட்டாயிரம்."

தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

"அது கையை ஓங்குச்சு. நான் பாக்கல."

அடுத்த வீட்டில் யாரோ துணி துவைக்கும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"இப்பத் திறக்கட்டுமா?" என்றாள் சாந்தாமணி.

"உங்க ஆட்டத்துல எது வரைக்கும் வந்தீங்க?"

"எட்டாந் தளம். ரெண்டு தடவ."

பவுலின் நிமிர்ந்து பார்த்தாள். நாலே மாதத்தில் எட்டாம் தளம் பார்த்தவர்களை ஒரு கை விரலுக்குள் அடக்கிவிடலாம்.

"திறங்க" என்றாள்.

சாந்தாமணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கணினியை மடியில் வைத்தாள். விரல்கள் தானாகப் போய் அதனதன் விசையில் உட்கார்ந்தன.

பிரணவ் விட்டுப்போன இடத்தில் விளக்குக்காரன் நின்றிருந்தான். உயிர் ஒரு கீற்று மிச்சம், ஒரு அடி பட்டால் போய்விடும். கையில் பெரிய வாள். மருந்து வைக்கும் இடம் காலி.

கதவைத் திறந்தாள்.

உள்ளே மூன்று பேர்.

முதலாமவன் கையை ஓங்கினான். பார்த்தாள், விலகினாள்.

இரண்டாமவன் ஓங்கினான். பார்த்தாள், விலகினாள். வாளை வீசினாள். அவன் விழுந்தான். முப்பத்தொரு தடவையில் ஒருவனைக்கூட அவள் வீழ்த்தியதில்லை.

பவுலின் திரைக்கு அருகே குனிந்தாள்.

மீதி இரண்டு பேரும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒன்றாக ஓங்கினார்கள். சாந்தாமணி பார்த்தாள். இரண்டு கையையும் தெளிவாகப் பார்த்தாள். விலக இடமில்லை.

விளக்கு அணைந்தது.

திரை இருண்டு, மறுபடி வெளுத்தது. முதல் தளம். புதிய வழி, புதிய சுவர். பிரணவ் நின்ற இடம் எங்கேயும் இல்லை.

சாந்தாமணி விசையிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"அந்தக் கதவுக்குள்ள வழியே இல்ல" என்றாள்.

"இல்ல."

"உனக்கு மொதல்லயே தெரியுமா?"

"மொத நாளு படத்தப் பாத்தப்பவே தெரியும். பிரணவுக்கும் தெரியும். திறந்தா செத்துருவோம்னுதான் திறக்காம வெச்சிருந்தான்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமல்ல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

சாந்தாமணி கணினியை மூடினாள். மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இனி எழுந்து முகம் கழுவி ஊருக்குக் கிளம்புவாள் என்று பவுலின் நினைத்தாள்.

அவள் கிளம்பவில்லை.

"ஏழாந் தளத்துல வழி இல்ல. சரி" என்றாள். "அதுக்கு முன்னாடி? மருந்து கையில இருந்தப்ப? அங்க வழி இருந்திருக்கும்தானே?"

பவுலின் தண்ணீர்க் குவளையை எடுக்கக் கை நீட்டினாள்.

"சொல்லு கண்ணு. நீ ஆசான். எனக்குப் பொய் சொல்லாத. அந்த வாளு அஞ்சாந் தளத்துலதான கெடைக்கும், அங்க அவனுக்கு வழி இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு."

"அப்பறம் என்ன? அங்க விட்டதுதான். அங்க விட்டதுக்கு ஏழாந் தளத்துல வந்து ஆயிரம் தடவ முட்டுனாலும் கதவு திறக்குமா?"

அவள் குரலில் கோபம் இல்லை. லேபில் அறிக்கை படித்துச் சொல்லும் குரல்.

பவுலின் எழுந்து சன்னல் பக்கம் போனாள். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"அஞ்சாந் தளத்துல ஒரு வியாபாரி வருவான்" என்றாள். "மருந்தக் குடுத்தா வாள் குடுப்பான். குடுக்கக் கூடாது. வாள் இல்லாம எட்டாந் தளம் போயிரலாம், மருந்து இல்லாம போக முடியாது. இது எனக்குத் தெரியும். கேக்கற எல்லாருக்கும் நான்தான் சொல்லுவேன்."

"அவனுக்குச் சொல்லலியா?"

"'மருந்தக் குடுத்துரவா ஆசான்'னு கேட்டான். வேலை முடிஞ்சு வந்து கால் வலியோட உக்காந்திருந்தேன். சரியாக்கூடப் படிக்கல. 'குடு'ன்னு அனுப்பிட்டேன்."

சாந்தாமணி அவள் முதுகைப் பார்த்தாள்.

"ரெண்டு நாள் கழிச்சு, கதவுகிட்ட நிக்கறேன், மருந்து இல்லன்னு படம் எடுத்து அனுப்பினான். அப்பத்தான் எனக்கு உறைச்சுது. என்னாலதான் போச்சுன்னு எழுதினேன். ஒரு வெளையாட்டுக்குப் போய் இப்பிடியான்னு நெனைப்பீங்க. அன்னைக்கு அழுதுட்டேன். அவன் எழுதல, கைப்பேசில பேசி அனுப்பினான்."

திரும்பினாள். கையில் கைப்பேசி இருந்தது.

"நீங்க மூணு தடவ வந்தப்பவும் போட்டுக் காட்டணும்னு எடுத்தேன். என் தப்பையும் சேத்துச் சொல்லணுமேன்னு வெச்சுட்டேன். தைரியம் வரலம்மா."

சாந்தாமணி கணினியை மடியிலிருந்து இறக்கிவைத்தாள்.

பவுலின் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கைப்பேசியைக் கட்டிலின் நடுவில் வைத்து, விரலால் தொட்டாள்.

முதலில் மின்விசிறிச் சத்தம். அப்புறம் அவன்.

"ஐயோ ஆசான், இதுக்குப் போயி யாராவது அழுவாங்களா? உங்களுக்குத் தெரியாததா இதெல்லாம்? தெரிஞ்சவங்களுக்கும் ஒரு நாளு தப்பும். விடுங்க. எனக்குக் காச்சல் விட்டுருச்சு, தலைவலி கூட இல்ல. நாளைக்கு வந்து புதுசா ஒண்ணு ஆடலாம். இருங்க, கூப்பிடறாங்க."

அவன் பேச்சு நின்ற பிறகும் பதிவு நிற்கவில்லை. நாற்காலி நகர்ந்தது. தூரத்தில், இரண்டு அறை தாண்டி, ஒரு பெண் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"கஞ்சி ஆறுது சாமி, வா."

அவ்வளவு நிம்மதியான குரல். சிரித்துக்கொண்டே கூப்பிடுவதுபோல் இருந்தது.

அது யார் குரல் என்று சாந்தாமணிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.